அண்ணா எத்தனை அண்ணா?

காஞ்சிபுரத்தில் பிறந்தவர்களில் நூலகர்களை அண்ணா அளவுக்குப் படுத்தியவர் வேறு யாரும் கிடையாது. அரசியலைச் சொல்லவில்லை. அவர் பெயரைப் புத்தகப் பட்டியலில் ஏற்றுகிற பாட்டைச் சொல்கிறேன். ஒரு கல்லூரி நூலகத்தில் அவர் 'அண்ணாதுரை, சி.என்.' அடுத்த கல்லூரியில் 'அறிஞர் அண்ணா'. இன்னொன்றில் 'பேரறிஞர் அண்ணா'. எங்கோ ஓரிடத்தில் ஒற்று மிகுந்து 'அண்ணாத்துரை' ஆகிவிட்டார். சி.என். என்பதில் புள்ளிக்குப் பின் இடம் விட்டவர்கள் ஒரு கட்சி, விடாதவர்கள் ஒரு கட்சி. சௌமியன், பரதன் என்று புனைபெயரில் எழுதியது தனிக் கணக்கு.

நூலகம் தனித்தனியாக இருந்தவரை இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. அவருடைய 'ரங்கோன் ராதா' நாவல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று அங்கே வேலை செய்கிறவருக்குத் தெரியும். நூலகங்கள் கைகோத்து, "எல்லோர் புத்தகமும் ஒரே இடத்தில் தேடக் கிடைக்கும்" என்று அறிவித்த அன்றுதான் தலைவலி தொடங்குகிறது. அதுவரை வீட்டுக்குள் இருந்த குளறுபடி தெருவுக்கு வந்துவிடுகிறது.

நான் காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். வீடு பிள்ளையார்பாளையம், அப்பா தறி நெய்தவர். எங்கள் கல்லூரியும் அக்கம்பக்கத்து மாவட்டக் கல்லூரிகள் சிலவும் சேர்ந்து ஒரு கூட்டு வைத்திருக்கிறோம். அதன் பொதுத் தேடுதளத்தில் தமிழ்ப் பதிவுகளைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு சின்னப் பெட்டி, பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடிப் படம், அவ்வளவுதான். மாணவர்கள் அதை கூகுள் மாதிரி நினைத்துக்கொண்டு தட்டுகிறார்கள். உள்ளே நடப்பதை ஒருமுறையாவது விளக்கிச் சொல்லலாம் என்று தோன்றியது.

கூட்டுப் பட்டியல் நமக்குப் புதிதல்ல. ஜெர்மன் அறிஞர் தியோடர் ஆஃப்ரெக்ட், சமஸ்கிருதச் சுவடிகள் எந்தெந்த ஊர் நூலகத்தில் உள்ளன என்று தொகுத்து 1891 முதல் 1903 வரை மூன்று தொகுதிகள் வெளியிட்டார். அதை விரிவாக்கும் வேலையைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1935-ல் கையில் எடுத்தது. 'நியூ கேடலாகஸ் கேடலாகோரம்' என்று பெயர். முதல் தொகுதி வரவே 1949 ஆயிற்று. வே. ராகவன் போன்ற பேரறிஞர்கள் ஆயுளில் பெரும்பகுதியை இதற்குக் கொடுத்தார்கள். ஒரு நூலின் பெயர், அதன் கீழே அது இருக்கும் இடங்கள். வேறு பெயரில் தேடி வருகிறவருக்கு 'இன்ன பெயரில் பார்க்க' என்ற ஒரு வரி. அச்சுத் தாளில் செய்த அதே வேலையைத்தான் இன்று கணினியில் செய்கிறோம். அந்தக் கடைசி வரியை மட்டும் அவர்கள் அளவுக்குக் கவனமாகச் செய்வதில்லை.

பிறகு 1988-ல் டெல்லியில் டெல்நெட் என்ற நூலகக் கூட்டு வந்தது. சென்னையில் 1993-ல் மாலிப்நெட். பல்கலைக்கழக மானியக் குழு 1991-ல் தொடங்கிய இன்ஃப்ளிப்நெட், நாட்டின் பல்கலைக்கழக நூலகங்களுக்கு 'இண்ட்கேட்' என்ற கூட்டுப் பட்டியலை வைத்திருக்கிறது. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலக் கல்லூரிகள் 1967-ல் சேர்ந்து தொடங்கிய ஓசிஎல்சிதான் இன்று உலகப் பட்டியலான 'வேர்ல்ட்கேட்'டை நடத்துகிறது.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். பிஎல் 480 ஒப்பந்தப்படி அமெரிக்கா நமக்குக் கோதுமை விற்றது. அதற்கான பணத்தை நாம் ரூபாயாகக் கொடுத்தோம். அந்த ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டு 1962 முதல் அமெரிக்க நூலகங்களுக்காக இந்தியப் புத்தகங்களை வாங்கிக் குவித்தார்கள், தமிழ்ப் புத்தகங்கள் உட்பட. அப்படி வாங்கியதை முறையாகப் பட்டியலும் போட்டார்கள். அதனால் அறுபதுகளில் நம் ஊர்ப்பக்கம் அச்சான ஒரு சிறு நூல் சிகாகோவில் இருப்பதைச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம்; பக்கத்துத் தெரு நூலகத்தில் இருப்பது தெரியாது. புத்தகம் இல்லாத குறை அல்ல இது, பதிவு இல்லாத குறை.

இனி உள்ளே போவோம். ஒரு புத்தகத்தின் விவரத்தை நூலகக் கணினியில் 'மார்க்' என்ற வடிவத்தில் எழுதுகிறோம். 1960-களில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஹென்றியட் ஆவ்ரம் என்ற பெண்மணியின் தலைமையில் உருவானது. ஒவ்வொரு விவரத்துக்கும் ஓர் எண்: 100 என்றால் ஆசிரியர், 245 என்றால் தலைப்பு, 020 என்றால் ஐஎஸ்பிஎன். ஒவ்வொரு கல்லூரிக் கணினியும் அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்த, மாறிய பதிவுகளை இரவில் நடுக்கணினிக்கு அனுப்பிவைக்கும். நடுக்கணினி, இது ஏற்கெனவே உள்ள புத்தகமா, புதுசா என்று பார்க்கும். ஏற்கெனவே உள்ளது என்றால் அதே பதிவின் கீழ் 'இந்தக் கல்லூரியிலும் ஒரு பிரதி' என்று சேர்க்கும். இல்லை என்றால் புதுப் பதிவு திறக்கும்.

சொல்வதற்குச் சுலபம். ஐஎஸ்பிஎன் இருந்தால் செய்வதற்கும் சுலபம். நம் பழைய தமிழ்ப் புத்தகங்களில் அது எங்கே? அப்போது தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு நான்கையும் சேர்த்துத்தான் கணினி ஊகிக்க வேண்டும். இந்த இடத்தில் மறுபடியும் அண்ணா வருகிறார். அவர் நூல்களைத் தமிழக அரசு 1995-ல் நாட்டுடைமை ஆக்கியது. அதன் பிறகு யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அச்சிட்டார்கள். ஆகவே 'பார்வதி பி.ஏ.' நாவல் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பதிப்பகத்தாரின் வெளியீடாக இருக்கிறது. ஒருவர் 'பி.ஏ.' என்று நெருக்கி அடித்தார். ஒருவர் 'பி. ஏ.' என்று தள்ளி அடித்தார். ஒருவர் 'பார்வதி B.A.' என்பதுபோல் பட்டத்தை மட்டும் ஆங்கில எழுத்தில் போட்டார். எங்கள் தளத்தில் முதன்முதலாக அந்த நாவலைத் தேடியபோது ஒரே புத்தகம் அணிவகுப்பாக வந்து நின்றது. ஒவ்வொரு வரியின் கீழும் 'ஒரு பிரதி' என்று போட்டிருந்தது. முதல் வரியைச் சொடுக்கிய மாணவன், அந்தப் பிரதி வெளியே போயிருப்பதைப் பார்த்துவிட்டு, புத்தகமே இல்லை என்று போய்விடுவான். மீதிப் பிரதிகள் கீழேயே உட்கார்ந்திருக்கும்.

பதிப்புகளைத் தனித்தனியாகக் காட்டுவதா, ஒரே நூல் என்று சேர்த்துக் காட்டுவதா? இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. படிக்க வருகிற பையனுக்கு நாவல் வேண்டும். எந்தப் பதிப்பகம் என்பது அவனுக்குப் பொருட்டில்லை. சேர்த்துக் காட்டிவிட்டு, பதிப்பு வேறுபாட்டை உள்ளே வைக்கலாம். ஆராய்ச்சிக்காரர் ஒரு சொடுக்கு கூடுதலாகச் சொடுக்கட்டும்.

அடுத்தது கண்ணுக்கே தெரியாத வகை. அண்ணாவின் புனைபெயரான சௌமியனை எடுத்துக்கொள்ளுங்கள். 'சௌ' என்ற எழுத்தில் ச-வுக்குப் பின்னால் வரும் ஔகாரக் குறி யூனிகோடில் தனி ஒரு குறி. பலர் அதைத் தட்டத் தெரியாமல் ஒற்றைக் கொம்பு, ச, பிறகு 'ள' என்ற மெய்யான ளகர எழுத்தைத் தட்டிவிடுவார்கள்: 'செளமியன்'. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு இரண்டாவது 'செ-ள-மியன்'. ஔவையாருக்கும் இதே கதி. பாதிப் பதிவுகளில் அவர் 'ஒ-ள-வையார்'. 'ஸ்ரீ'-யையும் இரண்டு விதமாகத் தட்டலாம், கண்ணுக்கு ஒரே ஸ்ரீ. கோயில் ஊரில் பாதித் தலபுராணம் ஸ்ரீயில்தான் தொடங்கும் என்பதால் நாங்கள் பட்ட அவஸ்தையைச் சொல்லி மாளாது. இப்போது நடுக்கணினியில் பதிவு நுழையும்போதே இவற்றைப் பிடித்துத் திருத்துகிற ஒரு சின்ன நிரல் இருக்கிறது. சொற்களின் பட்டியலை நான் கொடுத்தேன், நிரலை எங்கள் கணினித் துறைப் பிள்ளைகள் எழுதிக் கொடுத்தார்கள்.

யூனிகோடுக்கு முந்தைய காலத்துப் பதிவுகள் இதைவிட மோசம். பாமினி எழுத்துருவில் தட்டிய பட்டியலை அப்படியே ஏற்றினால், தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். மாற்றித் தரும் கருவிகள் உண்டு. ஆனால் அதே வரியில் உண்மையான ஆங்கிலச் சொல் ஒன்று கலந்திருந்தால் அதையும் தமிழாக்கி, வாயில் நுழையாத ஏதோ ஒன்றாக்கிவிடும்.

ஆண்டுக் கதை இன்னொன்று. தேடுதளத்தின் இடப்பக்கம் 'வெளியான ஆண்டு' என்று ஒரு சல்லடை இருக்கும். எங்கள் தளத்தில் அது 2040-ஐத் தாண்டிப் போயிற்று. என்னவென்று பார்த்தால், புத்தகத்தில் அச்சிட்டிருந்த திருவள்ளுவர் ஆண்டை யாரோ அப்படியே பதிந்திருக்கிறார்கள். அதில் 31-ஐக் கழித்தால் ஆங்கில ஆண்டு. சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழக வெளியீடுகள் பல இப்படி எதிர்காலத்துக்குப் போயிருந்தன. 'மிகப் புதியது முதலில்' என்று வரிசைப்படுத்தினால் அவைதான் முன்னால் வந்து நிற்கும். பழைய வெளியீடுகளில் பிரபவ, விபவ என்று மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருகிற பெயரை வைத்துக்கொண்டு எந்தச் சுற்று என்று காகிதத்தையும் அச்சகத்தையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். எந்த மென்பொருளும் இதைச் செய்து தராது.

இதுவரை சொன்னது பதிகிறவர் பக்கம். தேடுகிறவர் பக்கமும் இருக்கிறது. வரலாற்றுத் துறை மாணவி ஒருத்தி, நெசவாளர் வீட்டுப் பெண், நம் ஊர்ப் பட்டு நெசவைப் பற்றி ஆய்வேடு எழுத வந்தாள். அரைமணி நேரம் கழித்து என் மேசைக்கு வந்தாள்.

"மேடம், பட்டுன்னு போட்டா பட்டுக்கோட்டையா வருது."

உண்மைதான். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் பாடல்கள், பட்டுக்கோட்டை பிரபாகர் நாவல்கள் என்று வரிசையாக நின்றன. சொல்லின் நடுவிலும் தேடு என்று அமைப்பை மாற்றினால் செங்கல்பட்டு மாவட்டப் புத்தகங்கள் அத்தனையும் வந்தன. பட்டுக்கோட்டையில் தொடங்கிச் செங்கல்பட்டில் முடிந்தது பயணம். நடுவில் ஒரு சேலைகூட இல்லை. 'கோர்வை' என்று போட்டுப் பார்த்தாளாம். கோர்வை என்பது உடலையும் கரையையும் தனித்தனி நாடா விட்டுப் பிணைத்து நெய்வது; காஞ்சிப் பட்டின் உயிரே அதுதான். வந்தது கட்டுரைப் பயிற்சி நூல். 'நெய்தல்' போட்டதற்குச் சங்க இலக்கியம் வந்து குவிந்தது.

தமிழ் வேற்றுமை ஏற்று வடிவம் மாறும் மொழி. 'காஞ்சிபுரம்' என்று தேடினால் 'காஞ்சிபுரத்தின் கோயில்கள்' வராது, கணினிக்கு அது வேறு சொல். 'பட்டுப்புடவை' என்று சேர்த்து அச்சிட்டவரும் 'பட்டுப் புடவை' என்று பிரித்தவரும் வேறு வேறு. ஆங்கிலத்துக்கு இதைச் சரிக்கட்டும் நிரல்கள் நெடுநாளாக உண்டு. தமிழுக்கு ஸ்னோபால் என்ற திறமூலத் தொகுப்பில் ஒன்று இருக்கிறது. நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் இடப்பெயர்களிலும் ஆட்பெயர்களிலும் சில சமயம் வாலோடு உடம்பையும் வெட்டிவிடும். நாங்கள் பெயர்ப் பட்டியல் ஒன்றை 'இதைத் தொடாதே' என்று கொடுத்துவைத்திருக்கிறோம்.

அந்தப் பெண்ணுக்கு வேண்டியிருந்த புத்தகங்கள் எங்கள் கூட்டிலேயே இருந்தன. காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றி இவான் ஆர்ட்டர்பர்ன் 1982-ல் எழுதிய ஆங்கில நூல் ஒன்று. பத்மசாலியர் சமூகத்தைப் பற்றி ஆர்த்தி கவ்லரா எழுதி 2018-ல் வந்த 'வீ ஹூ வோவ் வித் லோட்டஸ் த்ரெட்' இன்னொன்று. இரண்டாவதன் தலைப்பில் பட்டும் இல்லை, காஞ்சிபுரமும் இல்லை. தலைப்பில் இல்லாததைக் கணினி எப்படிக் கண்டுபிடிக்கும்? பொருள் தலைப்பு என்று ஒன்றை நூலகர் கையால் சேர்த்திருந்தால்தான் உண்டு. டூயி பகுப்பு முறையிலும் பட்டு ஓரிடத்தில் இல்லை: புழு வளர்ப்பு 638-ல், துணி உற்பத்தி 677-ல், கைவினை நெசவு 746-ல், கூட்டுறவுச் சங்கம் 334-ல். அலமாரியில் நாலா பக்கமும் சிதறிக் கிடப்பதைத் திரையில் ஒன்றாகக் கூட்டிவரத்தான் இந்தத் தேடுதளமே. அதற்கு நாலு பதிவிலும் 'பட்டு நெசவு – காஞ்சிபுரம்' என்ற ஒரே வரி, ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்க வேண்டும். அப்பாவிடம் கேட்டு நான் எழுதி வைத்த தொழில் சொற்கள், கோர்வை, பாவு, ஊடை, ஜரிகை எல்லாம், இப்போது அந்த வரியோடு கட்டிவிடப்பட்டிருக்கின்றன.

ஆட்பெயருக்கும் இதே முறைதான். முதன்மை வடிவம் ஒன்று, மற்றவை எல்லாம் அதை நோக்கிக் கைகாட்டும். அண்ணாவுக்கு 'அண்ணாதுரை, சி. என்., 1909–1969' என்று முடிவு செய்தோம். எந்த அண்ணாவைத் தட்டினாலும் அங்கே வந்து சேரும். நேர்மாறான சிக்கலும் உண்டு: இரண்டு பேரை ஒருவராக்கிவிடுவது. கந்தபுராணம் பாடியவர் கச்சியப்ப சிவாச்சாரியார், குமரகோட்டத்து அர்ச்சகர். காஞ்சிப் புராணத்தின் இரண்டாம் காண்டம் பாடியவர் கச்சியப்ப முனிவர்; முதல் காண்டம் அவருடைய ஆசிரியர் சிவஞான முனிவருடையது. காலத்தால் நூற்றாண்டுகள் தள்ளி இருந்தவர்கள். பட்டியல்களிலோ வெறும் 'கச்சியப்பர்' என்று போட்டு இருவரையும் ஒரே ஆளாக்கி வைத்திருந்தார்கள்.

தூப்புலில் 1268-ல் பிறந்த பெரியவருக்கு வேதாந்த தேசிகர், நிகமாந்த மகாதேசிகன், தூப்புல் பிள்ளை என்று பல பெயர். இதில் எது முதன்மை? இந்த ஊரில் அப்படி ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்ப முடியாது. கடைசியில், பெரும்பாலான புத்தகங்களின் முகப்புப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதுவே என்று விதி வைத்துத் தப்பித்தோம்.

விதி வைப்பதுதான் கூட்டின் உண்மையான வேலை. மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது: நியூசிலாந்தில் ஒரு சிறு நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000-ல் ஓடத் தொடங்கிய கோஹா, அமெரிக்காவின் வில்லனோவா பல்கலைக்கழகம் தந்த வியூஃபைண்ட் எல்லாம் யாரும் போட்டுக்கொள்ளலாம். யார் திருத்தலாம், யார் திருத்தியதை யார் மாற்றக் கூடாது என்பதைத்தான் யாரும் தருவதில்லை. ஒரு கல்லூரி தன் பட்டியலை முழுசாக மறுபடி ஏற்றியது. நடுக்கணினி, வந்ததே புதியது என்று நம்பி, நாங்கள் திருத்தி வைத்திருந்த தமிழ்ப் பெயர்களின் மேல் பழைய பிழைகளை எழுதிவிட்டது. அவர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது, அப்படிச் செய்யக் கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. இப்போது சில வரிகளுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறோம். பொருள் தலைப்பும் ஆசிரியர் முதன்மை வடிவமும் வெளியிலிருந்து வருகிற பதிவால் அழியாது.

'இருக்கிறது' என்று திரை சொல்லும் புத்தகம் உண்மையிலேயே இருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி. பதிவுகள் இரவில் வந்தால் போதும். பிரதி உள்ளதா, வெளியே போயிருக்கிறதா என்பதை அந்த நிமிடமே அந்தக் கல்லூரிக் கணினியைக் கேட்டுத்தான் காட்ட வேண்டும். அங்கே மின்சாரமோ இணையமோ இல்லை என்றால் பதில் வராது. அப்படிப்பட்ட நேரத்தில் 'இல்லை' என்று காட்டக் கூடாது, 'இப்போது தெரியவில்லை, தொலைபேசியில் கேட்கவும்' என்று காட்ட வேண்டும் என்று நான் அடம்பிடித்து மாற்ற வைத்தேன். துறைத் தலைவர் மேசையில் வருடக் கணக்காக இருக்கும் புத்தகங்களுக்கு மட்டும் எந்த நிரலாலும் வழி சொல்ல முடியவில்லை.

பதிவே இல்லாத புத்தகங்களின் கதை வேறு. 2019 ஜூலை, ஆகஸ்டில், வரதராஜர் கோயில் குளத்திலிருந்து எடுத்து வைத்த அத்திவரதரின் தரிசனத்துக்கு ஊர் நிறைந்தது. நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை என்பதால் 1979-ல் என்ன நடந்தது, அதற்கு முன்னால் என்ன என்று புத்தகம் கேட்டுப் பலர் வந்தார்கள். கோயில் வாசல் கடைகளில் விற்கும் சிறு நூல்களில்தான் அந்தத் தகவல் இருக்கும். ஆசிரியர் பெயர் இருக்காது, ஆண்டு இருக்காது, சிலவற்றில் அச்சகம்கூட இருக்காது. எந்த நூலகமும் அவற்றை வாங்கிப் பதிந்து வைக்கவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா இப்படி உதாசீனமாகத் தூக்கிப் போடப்பட்டவற்றையும் சேர்த்துச் சுமார் ஒரு லட்சம் வைத்திருந்தார். அதனால்தான் 1994-ல் அவர் பெயரில் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகம் உருவாக முடிந்தது. எங்கள் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, ஒரே கல்லூரி எல்லாவற்றையும் வாங்க முடியாது, கோயில் கோயிலாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தது. ஏகாம்பரநாதர் எங்கள் பங்கு. வரதராஜர் போட்டி போட்டுக்கொண்டு போய்விட்டார். காமாட்சியம்மனை இரண்டு கல்லூரிகள் கேட்கின்றன. கைலாசநாதர் கோயிலைத்தான் இன்னும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.